எண்ணாலும் எழுத்தாலும்

1986 கோடை விடுமுறை முழுவதும் எனக்கு ஒரே வேலைதான்: எண்களைச் சத்தமாக வாசிப்பது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகம். அதற்கு எதிர்ச்சாரியில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதனுள் அப்பாவின் சாய்வு மேசை. அப்பா பத்திர எழுத்தர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ரைட்டர் என்பார்கள். நான் ரைட்டர் வீட்டுப் பையன். விற்கிறவரும் வாங்குகிறவரும் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருப்பார்கள். நான் குறிப்புச் சீட்டைப் பார்த்துத் தொகையைச் சொல்வேன். அப்பா முத்திரைத்தாளில் அதை எழுத்தால் எழுதுவார்.

மற்ற வரிகளையெல்லாம் பேச்சுக் கொடுத்தபடியே எழுதிவிடுவார். நான்கெல்லை எழுதும்போதுகூட "கிழக்கால யாரு, உங்க சித்தப்பா வயலா?" என்று கேட்டுக்கொண்டே பேனா ஓடும். தொகை வரும் இடத்தில் எல்லாம் நின்றுவிடும். நிப்பைத் துணியில் ஒற்றிக்கொள்வார். நான் சொன்ன எண்ணை உதட்டுக்குள் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்ப்பார். பிறகுதான் எழுத்து விழும்: ரூபாய் பதினெட்டாயிரத்து முந்நூறு மட்டும். 'ரூபாய்' என்ற சொல்லுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு ஈர்க்குச்சி நுழையாது, அவ்வளவு நெருக்கி எழுதுவார். தாளை மிச்சம் பிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். 'மட்டும்' முடிந்ததும் வரியில் மீதமிருக்கும் வெற்றிடத்தை ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு இழுத்து அடைத்துவிடுவார். எண்ணுக்கென்று முன்னாலேயே விட்டுவைத்த இடத்தைக் கடைசியில்தான் நிரப்புவார்.

எழுத்து முதலில், எண் பிறகு. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணு ஏமாத்தும் தம்பி. ஒண்ண ஏழாக்கலாம். பின்னாடி ஒரு சைபரப் போட்டுட்டுப் போயிடலாம். எழுத்து சாட்சி மாதிரி."

அது அப்பாவின் சொந்தக் கருத்து என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். பிறகு வேலைக்காகப் படிக்கும்போது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கண்ணில் பட்டது. காசோலை போன்ற ஆவணத்தில் எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. பத்திரத்துக்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அடித்தல், திருத்தல், இடைச்செருகல், விட்ட இடம் எது இருந்தாலும் எழுதிக்கொடுத்தவர் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்திரத்தைப் பதிய மறுக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அதன் 20ஆம் பிரிவு அது. இரண்டு சட்டங்களும் அப்பாவின் கைப்பழக்கமாகவே எனக்கு முதலில் அறிமுகமாகியிருந்தன.

அந்தக் கோடையின் நடுவில் அப்பாவுக்குக் கையில் கொப்புளம் வந்து, நகல் தாள் ஒன்றை என்னை எழுதச் சொன்னார். நான் 'முன்னூறு' என்று எழுதினேன். அவர் கோபப்படவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, "இதுல மூணு எங்க இருக்கு?" என்று கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை. "மு இருக்கு, சரி. நூறோட ந எங்க? நூறுக்கு ரெண்டு சுழி ன-வா? மு, நூறு. ரெண்டும் சேரும்போது நடுவுல ஒரு ந் வந்து நிக்கும். முந்நூறு. ஐந்நூறும் அப்படித்தான்." நானூறுக்கு இது கிடையாது, எண்ணூறில் ட் போய் ண் வந்துவிடும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. நன்னூலைக் கையில் எடுத்தவரல்ல. நாள் முழுவதும் எண்களைச் சொல்லாக்கியே பிழைத்தவருக்கு அந்தப் புணர்ச்சி விதிகள் நாக்கில் ஊறியிருந்தன.

பத்திரத்தில் ஆண்டையும் எழுத்தால்தான் எழுதுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. முத்திரைத்தாளில் அதற்கே முக்கால் வரி போகும். 2000 ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா சொன்னார்: "கை பாதியிலயே நின்னுடுதுடா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துன்னு ஆரம்பிச்சு ரெண்டு தாள் வீணாப்போச்சு." முப்பத்தைந்து வருடப் பழக்கம், ஒரே இரவில் 'இரண்டாயிரம்' என்று ஏழெழுத்தில் சுருங்கிவிட்டது. அந்த வருடமே கொட்டகைக்குப் பக்கத்தில் டிடிபி கடை வந்தது. இன்னும் சில வருடங்களில் அப்பா பேனாவை மூடி வைத்தார்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் தொகை இப்படி இருக்கும்: ௩௱௨௰௫. இன்றைய முறையில் 325 என்று மூன்று இலக்கத்தில் முடிந்துவிடும். பழைய முறையில் மூன்று, நூறு, இரண்டு, பத்து, ஐந்து என்று ஐந்து குறிகள் வரும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்ததால் சுழியத்துக்கு வேலையே இல்லை. யூனிகோடில் தமிழ்ச் சுழியம் சேர்ந்தது 2005இல்தான். அந்தக் குறிகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஒன்று புரியும். வாய் சொல்வதை அப்படியே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு என்பதற்கு ௱ ஒன்றே போதும், முன்னால் ௧ போட வேண்டாம். பேச்சிலும் நூறு என்கிறோம், 'ஒரு நூறு' என்று சொல்வதில்லை. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே அப்போது ஒரு படிதான் இடைவெளி. இட மதிப்பு முறை வந்ததும் கணக்குப் போடுவது எளிதாயிற்று, வாசிப்பது வேறு வேலையாகப் பிரிந்து நின்றது. அந்த வேலையைத்தான் அப்பா செய்தார். முப்பத்தைந்து வருடம் கழித்து, கணினியை வைத்து, நானும் அதையே செய்ய வேண்டி வந்தது.

2021. நான் வேலை பார்த்த நிறுவனம் கூட்டுறவு சங்கங்களுக்கு ரசீது மென்பொருள் எழுதிக்கொடுத்தது. தமிழில் ரசீது அடிக்கும் பகுதி எனக்கு முன்னாலேயே யாரோ எழுதி வைத்திருந்தது. நேரில் பார்க்க ஒரு சங்கத்துக்குப் போனேன். நகைக் கடனுக்குப் பணம் கட்ட வந்த ஓர் அம்மா, ரசீதை வாங்கி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். எண்ணில் 21,350 இருந்தது. எழுத்தில் 'இருபது ஒன்று ஆயிரம் மூன்று நூறு ஐம்பது' என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு கவுண்டரில் நீட்டினார். "நான் கட்டுனது இருவத்தோராயிரத்து முந்நூத்தம்பது தம்பி. இதுல வேற என்னமோ போட்டிருக்கு."

அவர் சொன்னது சரி. அந்தத் தாளில் இருந்த ஆறு சொற்களும் தமிழ்ச் சொற்கள்தான். ஆனால் அப்படி ஒரு எண் தமிழில் கிடையாது. பணம் கட்டியவரின் கையில் நாங்கள் ஒரு சாட்சியைக் கொடுத்திருந்தோம், அந்தச் சாட்சிக்குப் பேசத் தெரியவில்லை. அன்று எனக்கு உண்மையிலேயே வலித்தது.

எண்ணைச் சொல்லாக்க உலகம் முழுவதும் பலர் பயன்படுத்தும் பைத்தான் லைப்ரரி நம்2வேர்ட்ஸ். டாரோ ஒகாவா என்பவர் எழுதிய பழைய தொகுப்பிலிருந்து வளர்ந்து, பிறகு மாண்ட்ரியாலின் சவ்வார்-ஃபேர் லினக்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு எண்ணைக் கொடுத்தால் சொல் வரும். எந்த மொழி என்று சொன்னால் அந்த மொழியில் வரும். உள்ளே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு. பிரான்சின் பிரெஞ்சில் எண்பது என்பது 'நான்கு இருபது'. பெல்ஜியத்தில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் வேறு சொல், ஆகவே அதற்குத் தனிக் கோப்பு. ஜெர்மனில் இருபத்து நான்கை 'நான்கும் இருபதும்' என்று திருப்பிச் சொல்கிறார்கள். நம் நாட்டு ஆங்கிலத்துக்கும் தனிக் கோப்பு உண்டு, அதில் லட்சமும் கோடியும் சரியாக வரும். நான் திறந்து பார்த்த அன்று கன்னடமும் தெலுங்கும் இருந்தன. தமிழ் இல்லை.

தமிழுக்கு வேறு வழியே இல்லாமல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். முத்து அண்ணாமலை தொடங்கி வைத்த ஓப்பன்-தமிழ் தொகுப்பில் எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கும் ஃபங்ஷன் இருக்கிறது, லட்சக் கணக்கிலும் மில்லியன் கணக்கிலும். அதை ஆசையோடு படித்தோம். ஆனால் எங்கள் பிற மொழி ரசீதுகளெல்லாம் நம்2வேர்ட்ஸ் அச்சில் இருந்ததால், அதே அச்சில் தமிழுக்கும் ஒரு கோப்பு எழுதுவது என்று நானும் குழுவிலிருந்த கோயம்புத்தூர்ப் பெண்ணும் முடிவு செய்தோம். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இந்த லைப்ரரி எண்ணை உடைக்கும் விதம் அழகானது. 21,350 என்று கொடுத்தால் அதற்குள் அடங்கும் பெரிய அலகைத் தேடும், ஆயிரம் கிடைக்கும். எத்தனை ஆயிரம்? 21. மிச்சம்? 350. அந்த 21ஐயும் 350ஐயும் மறுபடி அதே விதமாக உடைக்கும். கடைசியில் சின்னச் சின்னச் சொற்கள் ஒரு வரிசையாகக் கையில் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்க ஒரு ஃபங்ஷன் உண்டு. மெர்ஜ் என்று பெயர். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். வலப்பக்க எண் பெரிதாக இருந்தால் பெருக்கல், சிறிதாக இருந்தால் கூட்டல். ஒவ்வொரு மொழியும் தன் சேர்க்கையை அங்கேதான் எழுத வேண்டும். ஆங்கிலக் கோப்பில் அந்த இடத்தில் ஒரு சிறுகோடு, ஒரு 'அண்ட்', ஒரு காற்புள்ளி. இந்தியாக இருந்தால் சங்கடம் வேறு மாதிரி: ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய தனிச் சொல் என்பதால் பெரிய பட்டியலே போட்டுவிட வேண்டும்.

மெர்ஜைப் பார்த்ததும் எனக்கு நிலைமொழி வருமொழிதான் நினைவுக்கு வந்தது. பள்ளியில் தமிழாசிரியர் கரும்பலகையில் கூட்டல் குறி போட்டு எழுதுவாரே, அதுவேதான். இரண்டு, ஆயிரம் என்று வந்தால் இரண்டாயிரம். ஆயிரம், இரண்டு என்று வந்தால் ஆயிரத்திரண்டு. அதே இரண்டு சொற்கள், இடம் மாறினால் தொகை மாறுகிறது. பெருக்கலில் முதல் சொல் சுருங்குகிறது: இரண்டு இருநூறில் 'இரு' ஆகிறது, மூன்று முப்பதில் 'மு' ஆகிறது. கூட்டலில் முதல் சொல் நீள்கிறது: ஆயிரம் 'ஆயிரத்து' ஆகிறது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நம் காது கேட்டவுடன் தொகையைப் பிடிக்கிறது. பழைய ரசீதில் சுருங்க வேண்டியது சுருங்கவில்லை, நீள வேண்டியது நீளவில்லை. அந்த அம்மாவுக்குப் பிடிபடாமல் போனது அதனால்தான்.

முதல் நாள் நாங்கள் எழுதிய நிரல் எண்ணின் மதிப்பைப் பார்த்து முடிவெடுத்தது. இருபது முதல் தொண்ணூறு வரை எல்லாம் ஒரு வகுப்பு, கடைசியில் த் இரட்டித்து 'த்து' சேர். நூறுகள் எல்லாம் ஒரு வகுப்பு, 'ற்று' சேர். இருபத்தைந்து, நாற்பத்தாறு, எண்பத்தேழு என்று சரசரவென்று வந்தன. 95 கொடுத்தோம். 'தொண்ணூத்தைந்து' என்று வந்தது. 905 கொடுத்தோம். 'தொள்ளாயிற்று ஐந்து' என்று வந்தது.

ஒன்பதின் கதை தமிழில் தனிக் கதை. தொண்ணூறு பத்துகளின் வரிசையில் நிற்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்குள் நூறு இருக்கிறது. தொள்ளாயிரம் நூறுகளின் வரிசையில் நிற்கிறது, உள்ளே ஆயிரம் இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலான குற்றியலுகரப் புணரியலில் இந்த எண்களுக்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் எப்படித் தொண்ணூறு ஆகிறது என்பதற்கு அதில் தனி விதி உண்டு. ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, தொண்ணூறை எப்படிப்பா நீட்டுவீங்க? பத்து மாதிரியா, நூறு மாதிரியா?"

"எந்தக் கணக்குல இருக்குன்னு ஏன்டா பாக்குற? கடைசி எழுத்தப் பாரு. று-ன்னு முடியுதா, ற்று. பது-ன்னு முடியுதா, பத்து. ம்-ன்னு முடியுதா, த்து. அவ்வளவுதான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் "ஐயா, கோடி?" என்றாள்.

"கோடிக்கு ஏ போடும்மா. ஒரு கோடியே அஞ்சு லட்சம்."

அவள் அன்று மாலைக்குள் நிரலை மாற்றிவிட்டாள். மதிப்பைப் பார்க்கும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, சொல்லின் ஈற்றைப் பார்க்கும் நான்கு வரிகளை வைத்தாள். தொண்ணூற்றைந்து வந்தது. தொள்ளாயிரத்து ஐந்து வந்தது. லட்சம் மகரத்தில் முடிவதால், யாரும் சொல்லாமலே, லட்சத்து ஆயிற்று. தொல்காப்பியர் தம் புணர்ச்சி இயல்களை உயிர் மயங்கியல், புள்ளி மயங்கியல், குற்றியலுகரப் புணரியல் என்று சொல்லின் ஈற்றை வைத்தே பிரித்திருக்கிறார். கீற்றுக் கொட்டகையில் அப்பா பிடித்திருந்ததும் அதே நூல் முனை. பொருளைப் பார்க்காதே, முடிவைப் பார். அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

வருமொழியின் முதலெழுத்து இன்னும் எளிது. தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் உயிரில் தொடங்கும், இல்லையென்றால் மூன்று, நான்கு, நூறு போல மெல்லினத்தில் தொடங்கும். கூட்டலில் பின்னால் வரும் சொற்களில் வல்லினத்தில் தொடங்குபவை பத்து முதல் பத்தொன்பது வரையும், தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான். ப-வும் த-வும் மட்டும். ஆகவே ஆயிரத்துப் பதினைந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று அந்த இரண்டு இடத்தில் ஒற்று மிகும். மற்ற இடங்களில் கவலையில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பத்தொன்பது எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், அவற்றைப் பட்டியலாகவே வைத்துவிட்டோம். எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே இடம் விடுவது என்பதற்கு அப்பாவின் பழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். பத்தும் ஒன்றும் சேரும் இடத்தில் சேர்த்து எழுது: எழுபத்தேழு. லட்சத்து, ஆயிரத்து, நூற்று ஆகியவற்றுக்குப் பிறகு இடம் விடு, படிக்கிறவர் மூச்சு விட வேண்டும்.

நாங்கள் இருவரும் சண்டை போட்டது ஓரிடத்தில்தான். நூற்றி ஒன்றா, நூற்று ஒன்றா?

"எல்லாரும் நூத்தியொண்ணுன்னுதானேண்ணா சொல்றாங்க? டிவியிலயும் நூற்றின்னுதான் வருது. பேசுற மாதிரியே எழுதுனா என்ன?"

பேச்சில் நூத்தி என்பது என் வாயிலும் வருவதுதான், அதில் பிழை ஒன்றும் காணவில்லை. ஆனால் நூற்றாண்டு என்கிறோம், நூற்றுக்கணக்கில் என்கிறோம், நூற்றுக்கு நூறு என்கிறோம். அங்கெல்லாம் யாரும் நூற்றி என்று எழுதுவதில்லை. இருபத்தி நாலு, ஆயிரத்தி ஐநூறு எல்லாம் அதே இகரத்தின் வேலை. ஒரு பத்திரிகையில் ஒருவர் எழுதினால் அது அவருடைய நடை. ஒரு லைப்ரரியில் எழுதினால் நாளைக்கு ஆயிரம் ரசீதில், காசோலையில், மார்க் ஷீட்டில் அதுவே அச்சாகும். அந்தப் பொறுப்பை நினைத்து நூற்று என்றே வைத்தோம். அவள் முழுமனதோடு சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. பேச்சுக் குரலுக்கென்று தனியாக ஒரு வழி வைக்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் நியாயம்தான்.

ஒன்று என்ற சொல் எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப ஆடை மாற்றிக்கொள்ளும். தனியே நின்றால் இருபத்தொன்று. லட்சத்துக்கு முன்னால் இருபத்தொரு லட்சம். ஆயிரம் உயிரில் தொடங்குவதால் இருபத்தோராயிரம். பதினொன்று, பதினொரு லட்சம், பதினோராயிரம். ரசீதில் அந்த அம்மா தேடியது இந்த 'ஓர்'தான்.

இந்தச் சொல்லை எங்கள் பக்கத்து மொய் எழுதும் இடத்தில் நன்றாகப் பார்க்கலாம். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அந்த ஒன்றைச் சேர்த்துத்தான் செய்வார்கள். என் சிறுவயதில் மஞ்சள் தடவிய நோட்டுப் புத்தகம், பிள்ளையார் சுழி, ஒருவர் எழுத ஒருவர் பணத்தை எண்ண, மைக்கில் ஒருவர் சொல்வார்: "நூத்தியொரு ரூவா!" சமீபத்தில் பெரியம்மா மகன் வீட்டுக் காதணி விழாவில் நோட்டு இல்லை. மேசையில் லேப்டாப், பக்கத்தில் சின்ன பிரிண்டர். பெயரும் ஊரும் தொகையும் அடித்ததும் ரசீது வந்தது: ரூபாய் ஆயிரத்து ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் படித்த பையன் கொஞ்சமும் தயங்காமல் "ஆயிரத்தொரு ரூவா" என்றான். தாளில் ரூபாய் முன்னால் இருக்கிறது, எண் தனியே முடிகிறது, ஆகவே ஒன்று. வாயில் ரூபாய் பின்னால் வருகிறது, ஆகவே ஒரு. படிக்கும் கணத்திலேயே அவன் மெர்ஜ் செய்துவிட்டான். அப்பா ஏன் எப்போதும் ரூபாயை முன்னால் எழுதினார் என்பதற்கு ஒரு காரணம் அங்கே கிடைத்தது. ரூபாய் முன்னால் நின்றுவிட்டால் எண் தன் முழு உருவத்தில் நிற்கும். நிரலுக்கும் அது வசதி.

இன்னமும் எங்களால் செய்ய முடியாதது கால், அரை, முக்கால். 1,25,000 கொடுத்தால் லைப்ரரி ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் என்று சொல்லும், அது சரியும்கூட. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஒன்றேகால் லட்சம்தான். ஒன்றரை, இரண்டேமுக்கால், மூன்றேகால் என்று கால்வாசிகளைக் கொண்டே எங்கள் பேரம் முழுக்க நடக்கும். வயலைக்கூட மா என்றுதான் அளக்கிறோம். மா என்றால் இருபதில் ஒன்று. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. அதற்குக் கீழே காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றையெல்லாம் எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். அப்பாவுக்கே பாதி வாய்ப்பாடு இன்றும் வரும். 1957இல் புதுக்காசு வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் அரைக்கால், வீசம் எல்லாம் அவருக்குக் கடைத்தெருக் கணக்கு. 2019இல் யூனிகோட் இந்தப் பின்னக் குறிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டது, முந்திரியில் தொடங்கி வரிசையாக. குறிக்கு இடம் கிடைத்துவிட்டது, சொல்லுக்கு இன்னும் நிரல் எழுதவில்லை. அது எங்கள் அடுத்த வேலை.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சோதனை ரசீதுகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் ஒரு தொகை, எண்ணிலும் எழுத்திலும். ஒன்று, பதினொன்று, தொண்ணூற்றொன்பது, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, ஒரு கோடியே ஒன்று. சிக்கல் வரும் எண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தோம். அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, திண்ணையில் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் படித்தார். உதடு அசைந்தது. 1986இல் பார்த்த அதே அசைவு.

முப்பது தாள்களில் அவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. "யாரு, அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணா எழுதுச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "முந்நூறு சரியாப் போட்டிருக்கு."

கடைசித் தாள் நூறு ரூபாய் ரசீது. அதில் நிறுத்தினார். 'ரூபாய்' என்பது படிவத்தில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. நிரலிலிருந்து வந்த 'நூறு மட்டும்' கொஞ்சம் தள்ளி, தன் கட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது. நடுவில் ஒரு விரற்கடை இடம். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில், நடுங்கும் கையால், ஆனால் அச்செழுத்தின் உயரத்துக்கே, இரண்டு எழுத்து எழுதினார். தாளை என்னிடம் நீட்டினார்.

எண்ணில் 100 என்று இருந்தது. எழுத்தில் 'ரூபாய் அறுநூறு மட்டும்' என்று இருந்தது.

"இப்ப எது செல்லும், சொல்லு" என்றார் அப்பா.